நாப்ஸ்டர் (1999–2001): தேடுவதில் கெட்டி, கொண்டு சேர்ப்பதில் சொதப்பல்

எம்பி3 பாட்டு வேண்டுமென்றால் அதுவரை எஃப்டிபி என்ற கோப்பு இறக்கும் தளங்களின் வாசலில் நிற்க வேண்டும். பாதி லிங்க் செத்திருக்கும். மீதியில் 'முதலில் நீ ஒரு பாட்டு ஏற்று, பிறகு இறக்கிக்கொள்' என்பார்கள். 1999 ஜூனில் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்த ஷான் ஃபேனிங் வெளியிட்ட பாட்டுப் பகிர்வு மென்பொருளான நாப்ஸ்டர் அந்தத் தொல்லையை ஒரே அடியில் ஒழித்தது. அந்த நிமிடம் இணைப்பில் இருப்பவர்களின் பாட்டுகளை மட்டுமே காட்டியதால் செத்த லிங்க் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாப்ஸ்டர் சர்வரில் இருந்தது பட்டியல்தான்; பாட்டு ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேராகப் போனது.

தேடினால் கோப்பின் பெயர், அளவு, பிட்ரேட் (ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை பிட்), நீளம், வைத்திருப்பவரின் இணைப்பு வகை, பிங் (அவர் கணினி பதில் தர எடுக்கும் நேரம்) என்று வரிசையாக வரும். இதில் இணைப்பு வகையை நம்பவே கூடாது. அது நிறுவும்போது அவரவரே தேர்ந்தெடுப்பது. யாரும் தன்னிடமிருந்து உறிஞ்சக் கூடாதென்று கேபிள் வைத்திருந்தவர்களும் மிக மெதுவான 14.4 மோடம் என்று போட்டுக்கொண்டார்கள். பிங் எண் குறைவாக இருக்கிறதா என்று பார்த்து எடுப்பதே உத்தமம்.

அடுத்து அளவு. 128 கேபிபிஎஸ் பிட்ரேட்டில் நான்கு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 3.8 எம்பி வர வேண்டும். 2.5 எம்பி என்று காட்டினால் அது எங்கோ பாதியில் அறுந்த கோப்பு. அறுந்ததை அழிக்காமல் பகிர்வுக் கோப்புறையிலேயே விட்டுவிடுவார்கள். அடுத்தவர் அதையே இறக்குவார், அவரிடமிருந்து இன்னொருவர். தேடல் கோப்பின் பெயரை மட்டுமே பார்ப்பதால் பெயர்க் குளறுபடியும் அப்படித்தான் பரவியது. யார் பாடிய நையாண்டிப் பாட்டாக இருந்தாலும் நையாண்டிப் பாட்டுக்குப் பேர்போன வியர்ட் ஆல் யாங்கோவிக் தலையில் கட்டிவிடுவார்கள், பாவம் மனிதர்.

இறக்குவதுதான் பெரும்பாடு. 56கே மோடமில் நிஜத்தில் வருவது நொடிக்கு 4, 5 கேபி. ஒரு பாட்டுக்குக் கால் மணி நேரம். முழுப் பாட்டும் ஒரே ஆளிடமிருந்துதான் வரும். அவர் மோடமை அணைத்தால் நம் கதை முடிந்தது. அமெரிக்க வீடுகளில் கால் வெயிட்டிங் சத்தமே இணைப்பைத் துண்டித்துவிடும். டயல் எண்ணுக்கு முன்னால் *70 என்று போட்டு ஒரு காற்புள்ளி வைத்தால் அந்த அழைப்புக்கு மட்டும் கால் வெயிட்டிங் நின்றுவிடும்.

அலுவலகம், விடுதி நெட்வொர்க்குகளில் வேறு வம்பு. கோப்பைக் கொடுக்கவும் வாங்கவும் கணினி வழக்கமாக 6699 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, திறந்து காத்திருக்கும். ஒருவர் மட்டும் வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்தால் சர்வர் சொல்லி அவரையே வெளியே இணைக்க வைக்கும். இருவருமே பின்னால் இருந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் வராது. இதை நேராகச் சொல்லும் ஒரு செய்தியையாவது காட்டியிருக்கலாம்.

சர்வர்கள் தொடக்கத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை என்பதும் குறைதான். நாம் எந்த சர்வரில் விழுந்தோமோ அதில் இருப்பவர்களின் பாட்டு மட்டுமே கண்ணில் படும். அரிய பாட்டு கிடைக்காவிட்டால் துண்டித்து மறுபடி இணைந்து வேறு சர்வரில் தேட வேண்டும். நாபிகேட்டர் என்ற துணை மென்பொருள் இருந்தால் சர்வரை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

தேடலை வேகமாக்கிய, சர்வரில் இருந்த அந்த நடுப் பட்டியலைத்தான் இசை நிறுவனங்கள் பதிப்புரிமை வழக்கில் பிடித்துக்கொண்டன. 2001 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவுப்படி அந்தப் பாட்டுகளைத் தடுக்க வடிகட்டி வைத்தார்கள். அதுவும் பெயரைப் பார்க்கும் வடிகட்டி என்பதால், ஆட்கள் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டுத் தாண்டினார்கள். ஜூலையில் சேவை நின்றது. நடுப் பட்டியலே இல்லாத நுடெல்லா (Gnutella) என்ற பகிர்வு வலையமைப்பு 2000 மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் ஒவ்வொரு தேடலும் கணினி கணினியாகத் தாவிப் போகும், மற்றவர்களின் தேடல்களைக் கடத்துவதிலேயே மோடம் திணறிவிடும்.