பவர் ஸ்டீயரிங், ஹைட்ரோபூஸ்ட், கொஞ்சம் காற்று: மூன்று வருட அனுபவம்

பிரேக் பெடலுக்குக் கீழே கால்மிதி ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்து இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் விரலில் தொட்டு முகர்ந்தால் ஸ்டீயரிங் ஆயில் வாசனை. பெடலிலிருந்து முன்னால் போகும் தள்ளுகம்பியில் கை வைத்தேன், விரலெல்லாம் ஆயில். காலின் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டரின் பின்பக்க சீல் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. வண்டி அதற்குப் பிறகு சுமார் 58,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வேலை முடிந்த சந்தோஷத்தில் எழுதியிருந்தால் இந்தப் பகிர்வு வேறு மாதிரி இருந்திருக்கும், தவறாகவும் இருந்திருக்கும். ஏனென்றால் அப்போது நான் பெருமையாக மாற்றியவற்றில் ஒரு பொருளை மாற்றியிருக்கவே தேவையில்லை.

ஸ்டீயரிங் ஆயிலுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக: பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டுதான் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். டீசல் எஞ்சினில் அந்த உறிஞ்சு விசை இயல்பாகக் கிடைக்காது. அதனால் சில டிரக்குகளில் தனியாக வேக்குவம் பம்ப் வைப்பார்கள், சிலவற்றில் பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தையே பிரேக்குக்கும் கடன் வாங்குவார்கள். இரண்டாவது வகைதான் ஹைட்ரோபூஸ்ட், என் வண்டியிலும் அதுதான். பென்டிக்ஸ் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த ஏற்பாடு. பம்பிலிருந்து கிளம்பும் ஆயில் முதலில் பூஸ்டருக்குப் போகும், அங்கிருந்து சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு, அப்புறம் ஸ்டீயரிங் ஆயில் டேங்குக்குத் திரும்பும். பூஸ்டரிலிருந்து டேங்குக்கு இன்னொரு ரிட்டர்ன் ஹோஸும் தனியாக உண்டு. ஆக பம்ப், பூஸ்டர், பாக்ஸ் மூன்றும் ஒரே குடும்பம். ஒருவருக்குச் சளி பிடித்தால் மற்ற இருவரும் தும்முவார்கள்.

பூஸ்டரோடு அக்யூமுலேட்டர் என்று ஒரு உருளை இருக்கும். எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, எஞ்சின் திடீரென்று நின்றுபோனால் இரண்டு மூன்று தடவை உதவியோடு பிரேக் பிடிக்க வைக்கும். அதற்கு மேல் மிதித்தால் பிரேக் வேலை செய்யும், ஆனால் காலின் பலம் மட்டும்தான். பல வண்டிகளில் அதற்குள் நைட்ரஜன் வாயு உயர் அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். அதைப் பிரிக்கவோ, சூடாக்கவோ, குப்பையில் அப்படியே போடவோ கூடாது.

கழற்றுவதற்கு முன் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் கல் மாதிரி இறுகும்வரை பல தடவை மிதித்துச் சேமிப்பைத் தீர்த்தேன். பிறகு பெடலை லேசாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தேன். நல்ல பூஸ்டர் என்றால் பெடல் கொஞ்சம் இறங்கி, உடனே காலைத் திருப்பித் தள்ளும். என் வண்டியில் இறங்கியது, தள்ளவும் செய்தது, ஆனால் மந்தமாக. அடுத்து சேமிப்புச் சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பி ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காமல் விட்டு, எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து மிதித்தேன். இரண்டு தடவை மென்மையாக வர வேண்டிய பெடல் முதல் தடவையே கல்லாக நின்றது. சீல் மட்டும் இல்லை, சேமிப்பும் கசிகிறது என்று தெரிந்தது.

சீல் கிட் வாங்கி நானே பிரிக்கலாமா, மறுசீரமைத்த முழு பூஸ்டரையே மாட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிட் மலிவு. ஆனால் உள்ளே ஆயிலின் வழியைத் திறந்து மூடும் ஸ்பூல் வால்வு அதன் துளைக்கென்றே இழைத்துப் பொருத்தியது, துளையில் கீறல் விழுந்திருந்தால் புது சீல் போட்டுப் பயனில்லை. அக்யூமுலேட்டரும் சந்தேகத்தில் இருந்ததால் முழு பூஸ்டரே என்று முடிவு செய்தேன். இந்த முடிவில் மூன்று வருடம் கழித்தும் எனக்கு வருத்தமில்லை.

கழற்றுவது பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைக் கழற்றி, பிரேக் குழாய்களைத் திறக்காமலேயே மெல்ல முன்னால் இழுத்து ஓரமாகக் கட்டி வைத்தேன். குழாய் மடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், நான்கு சக்கரத்திலும் பிரேக் ஏர் எடுக்கும் (குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றும்) வேலை மிச்சம். ஹோஸ் முனைகளில் இருந்த பழைய ஓ-ரிங்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை போட்டேன். பூஸ்டரோடு வந்த ஓ-ரிங்கில் ஒன்று அளவு சரியில்லை, அதற்காக அரை நாள் போனது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த வண்டியில் ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு திரவம் நிற்கிறது. பூஸ்டருக்குள் ஸ்டீயரிங் ஆயில், அதை ஒட்டிய மாஸ்டர் சிலிண்டருக்குள் பிரேக் ஆயில். இரண்டையும் ஊற்றும் வாய்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஸ்டீயரிங் ஆயில் கொஞ்சம் மாஸ்டர் சிலிண்டருக்குள் போனாலும் பிரேக் பக்க ரப்பரெல்லாம் ஊறிப் பெருத்துவிடும். அதன்பின் மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கர சிலிண்டர்வரை ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். உதவிக்கு வந்த என் தம்பி நல்ல உற்சாகத்தில் புட்டியைத் தவறான வாய்க்கு மேலே சாய்த்துவிட்டான். நான் கத்திய கத்தலில் புட்டி கீழே விழுந்தது. அன்றிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் மூடிமேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.

இனிமேல்தான் நான் சொதப்பிய பகுதி.

பூஸ்டர் மாட்டியாயிற்று, டேங்கில் ஆயில் ஊற்றியாயிற்று, இருட்டிவிட்டது. ஸ்டார்ட் செய்து நாலு தடவை ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஹோஸ்களைக் கழற்றியபோது உள்ளே புகுந்த காற்று தானாக வெளியேறிவிடும் என்று நினைத்தேன். ஸ்டார்ட் செய்த பத்தாவது நொடியில் பம்ப் முனக ஆரம்பித்தது. டேங்கைத் திறந்தால் ஆயில் பால் விட்ட தேநீர் நிறத்தில் நுரைத்துக்கொண்டு இருந்தது. ஸ்டீயரிங் ஒரு கணம் லேசு, அடுத்த கணம் இறுக்கம். பெடல் காலுக்கடியில் நடுங்கியது.

காற்று உள்ளே இருக்கும்போது எஞ்சினை ஓட்டினால் பம்ப் அதை ஆயிலோடு சேர்த்துக் கடைந்துவிடுகிறது. பெரிய குமிழாக இருந்திருந்தால் தானே மேலே வந்து உடைந்திருக்கும். கடைந்த பிறகு பொடிப்பொடிக் குமிழாக ஆயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும், அடங்க மணிக்கணக்காகும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. மறுநாள், அதற்கு மறுநாள் என்று இதையே செய்தேன். முனகல் குறையவில்லை. பம்ப் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பெழுதி, பம்பின் கப்பியைக் கழற்றும் புல்லரை இரவல் வாங்கி, புது பம்ப் மாட்டினேன்.

புது பம்பும் அதே ராகத்தில் முனகியது.

அங்கேதான் உட்கார்ந்து யோசித்தேன். புதுப் பொருளும் பழைய பொருளும் ஒரே மாதிரி கத்துகிறது என்றால் கத்த வைப்பது வேறு ஒன்று. என் வண்டியில் டேங்க் தனியாக இருக்கிறது, அங்கிருந்து பம்புக்கு ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் இறங்குகிறது. எல்லா ஹோஸையும் கசிவுக்காகப் பார்த்தவன் இதையும் பார்த்தேன், காய்ந்து சுத்தமாக இருந்ததால் கடந்துவிட்டேன். ஆனால் இது உறிஞ்சும் பக்கம். எஞ்சின் ஓடும்போது இங்கே ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஈரத்தைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

எஞ்சினை ஓடவிட்டு, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கையை எட்டவிடாமல், அந்த ஹோஸின் பம்ப் முனையில் தடிப்பாகக் கிரீஸ் அப்பினேன். அரை நிமிடத்தில் முனகல் தேய்ந்து நின்றது. அந்த அமைதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் முனை கட்டையாகக் காய்ந்து, உட்புறம் மயிரிழை வெடிப்பு. பூஸ்டரை இழுக்கும்போது நான்தான் இதை அசைத்திருக்க வேண்டும். ஒரு ஹோஸ், ஒரு கிளாம்ப், முடிந்தது. பழைய பம்பைப் பிற்பாடு பிரித்துப் பார்த்தேன், உள்வளையமும் ஆயிலைத் தள்ளும் சிறு தகடுகளும் தேயாமல் கண்ணாடி மாதிரி இருந்தன. இப்போது அது அலமாரியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு செய்த ஏர் எடுத்தல்தான் இன்றுவரை நிற்கிறது. முன் சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாதபடி ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினேன், பின் சக்கரத்துக்குக் கட்டை. நுரை முழுக்க அடங்க ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் ஆயிலை நிரப்பி, எஞ்சினைத் தொடாமல், தம்பியை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்து இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்பச் சொன்னேன்.

"எத்தனை தடவைண்ணா?"

"குமிழ் நிக்கிற வரைக்கும்."

"அது எப்ப நிக்கும்?"

இருபதாவது தடவைக்குப் பக்கத்தில் டேங்கில் குமிழ் குறைந்தது, முப்பதைத் தாண்டித்தான் நின்றது. வேகமாகத் திருப்பினால் ஆயில் பொங்கி வெளியே வரும், மட்டம் கீழே போனால் திரும்பக் காற்று ஏறும். டேங்க் பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி எரிபொருள் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, சில நொடிகள் மட்டும் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, அந்த நேரத்தில் பெடலை நாலைந்து தடவை மிதிக்கச் சொன்னேன். பூஸ்டருக்குள் நிற்கும் காற்று இதில்தான் கிளம்புகிறது. ஸ்டீயரிங்கை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தால் அது அங்கேயே குடியிருக்கும். மட்டம் பார்த்து, ஃபியூஸை மாட்டி, அப்புறம்தான் எஞ்சின். இரண்டு தடவை மெதுவாகத் திருப்பு, நிறுத்து, பெடலை நாலைந்து தடவை மிதித்துச் சேமிப்பைக் காலி செய், மட்டம் பார், திரும்ப ஸ்டார்ட். ஸ்டீயரிங்கை ஒரு பக்கக் கடைசியில் கொண்டுபோய் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்கவே கூடாது, பம்ப் சூடாகிவிடும். நடுவில் லேசாக நுரை தெரிந்தது. ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். முழுக் காலையும் இதற்கே போனது. அந்த முதல் ராத்திரி இதைச் செய்திருந்தால் கூட ஹோஸ் வெடிப்பு இருந்திருக்கும்தான், ஆனால் குற்றவாளி யார் என்று சீக்கிரம் தெரிந்திருக்கும்.

பிற்பாடு ஆயில் மாற்றியபோது கைப்பம்பால் வேக்குவம் கொடுத்துப் பார்த்தேன். டேங்க் வாயில் ரப்பர் அடைப்பான் வைத்து உறிஞ்சினால் உள்ளே ஒளிந்திருக்கும் குமிழ் பெருத்து மேலே வருகிறது. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அடைப்பான் சரியாக உட்காராவிட்டால் பொறுமை போய்விடும்.

இனி இந்த மூன்று வருடம். பிரேக் உதவியில் குறை எதுவும் இல்லை. பலமாக மிதிக்கும்போது மெல்லிய "ஸ்ஸ்" சத்தம் வரும், அது ஆயில் வால்வைக் கடக்கும் சத்தம், பயப்பட வேண்டாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு நொடி இறுக்கம் தெரிந்த காலம் ஒன்று உண்டு. பம்பைக் குற்றம் சொல்லும் பழக்கத்தை விட்டிருந்ததால் முதலில் பெல்ட்டைப் பார்த்தேன், தளர்ந்திருந்தது. ரிட்டர்ன் ஹோஸில் காந்தம் வைத்த ஃபில்டர் ஒன்று போட்டேன். முதல் ஆறு மாதத்தில் அதில் கருப்புச் சேறு நிறைய வந்தது, இப்போது கொஞ்சம்தான். ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த ஃபில்டர் அடைத்துக்கொண்டால், அல்லது ரிட்டர்ன் ஹோஸ் எங்காவது நசுங்கினால், பெடல் மேலே வரத் தாமதமாகும். பிரேக் தானாகப் பிடிக்கவும் செய்யலாம். அதனால் பூஸ்டரின் ரிட்டர்னில் அதைப் போடாமல் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் ஹோஸில்தான் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் திறந்து துடைக்கிறேன்.

மாதம் ஒருமுறை பெடலுக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஒரு மணி நேரச் சேமிப்புச் சோதனை. போன வாரம் செய்தபோது மூன்று தடவை மென்மையாக வந்தது. கால்மிதி காய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸின் கீழ் ஷாஃப்ட் சீலில் மட்டும் புதிதாக ஒரு பளபளப்பு தெரிகிறது, சொட்டு இல்லை. துடைத்துவிட்டுச் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.