ஷூர் சார்புக் கணக்கு: கட்டம் நிரப்புவதா, அணிக்கோவை போடுவதா?

கிருஷ்ணகிரி மண்டியில் பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா என மூன்று ரகம். மூன்று பழம் பொறுக்க வேண்டும். ஒரே ரகம் திரும்ப வரலாம் என்றால் 10 வகை. கூடாது என்றால் 1. பழத்துக்குப் பதில் மாறிகளைப் பொறுக்கி, ஒவ்வொரு பொறுக்கலையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள்: திரும்ப வரலாம் என்றால் முழுச் சமச்சீர்ச் சார்பு மு₃, கூடாது என்றால் அடிப்படைச் சமச்சீர்ச் சார்பு அ₃. இரண்டிலும் மூன்று மாறிகளுக்கும் 1 போட்டால் வரும் விடைகள் இவையே. இப்படி 1 போட்டுப் பார்ப்பதுதான் கீழே வரும் எல்லா வழிக்கும் உரைகல்.

ஷூர் சார்பு என்பது ஒரு கட்ட வடிவத்துக்கு ஒன்றாக அமையும், மாறிகளை இடம் மாற்றினாலும் மாறாத பல்லுறுப்புக்கோவை. எம்.எஸ்சி. பயிற்சியில் அதை விரிக்கச் சொன்னால் பலரும் முதலில் கட்டம்தான் நிரப்புவார்கள். (2,1) வடிவம் என்றால் மேல் நிரையில் 2 கட்டம், கீழ் நிரையில் 1. அதில் 1, 2, 3 எண்களை இடுங்கள்: நிரையில் எண் குறையக்கூடாது, நிரலில் கண்டிப்பாக ஏற வேண்டும். 8 நிரப்பல்கள் வரும். எண் 1 முதல் மாறி, 2 இரண்டாம் மாறி, 3 மூன்றாம் மாறி எனப் பெருக்கினால் ஒவ்வொரு நிரப்பலும் ஓர் உறுப்பு. மூன்று மாறியும் சேர்ந்து வரும் உறுப்பின் கெழு 2, மற்ற ஆறுக்கும் 1. அந்த 2 எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டே மாறியில் போட்டால் அந்த உறுப்பே காணாமல் போய்விடும். படி 3 என்றால் மாறியும் குறைந்தது 3 வேண்டும். வடிவம் பெருத்தால் கை வலிக்கும்: (3,2,1) வடிவத்தில் 1 முதல் 6 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை வரும் நிரப்பல்கள் மட்டுமே 16.

யாக்கோபி–ட்ரூடி அணிக்கோவையில் எழுத்து வேலை குறைவு. மூலைவிட்டத்தில் நிரை நீளங்களைக் கீழ்க்குறியாக இடுங்கள். வலப்பக்கம் நகர நகர 1 கூடும், இடப்பக்கம் 1 குறையும். (2,1) வடிவத்துக்கு மு₂மு₁ − மு₃ = 6×3 − 10 = 8. (3,2,1) வடிவத்துக்கு மு₃மு₂மு₁ − மு₃² − மு₄மு₁² + மு₅மு₁, அவ்வளவுதான். சறுக்குமிடம் மு₀. அது 1, பூச்சியம் அல்ல. கீழ்க்குறி குறை எண்ணானால்தான் 0.

(2,2,2,2) போல ஒல்லியாக நின்றால் மு வழியில் 4×4 அணிக்கோவை, மு-வுக்குப் பதில் அ போடும் வழியில் வெறும் 2×2. ஆனால் அ வழிக்கு வடிவத்தை முதலில் நிரை நிரலாகப் புரட்ட வேண்டும். மறந்தாலும் (2,1) காட்டிக்கொடுக்காது, புரட்டினாலும் அது அதே வடிவம். (3,1) போட்டுப் பாருங்கள்: இரண்டு மாறிகளில் சரியான விடை 3, புரட்ட மறந்தவருக்கு 0.

ஓர் அணிக்கோவையை இன்னொன்றால் வகுக்கும் பழைய வழி, நிரைக்கு நிரை ஒரு கட்டம் குறையும் படிக்கட்டு வடிவங்களுக்கு மட்டும் சுகம். மூன்று மாறிகளில் (2,1), இரண்டிரண்டு மாறிகளைக் கூட்டிப் பெருக்கிய விடையாகவே வந்து நிற்கும்: 2×2×2. ஆனால் வகுத்து முடிக்குமுன் 1 போட்டால் 0/0 தான்.