பறக்கும் படகா, மிதக்கும் படகா?

அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் படகுப் பந்தயங்களில் எவற்றைப் பார்ப்பது என்று தயங்கும் ரசிகர்களுக்காக, 1958 முதல் 1987 வரை ஓடிய 12 மீட்டர் படகு வகுப்பையும் 2021இல் களமிறங்கிய ஏசி75 வகுப்பையும் ஒப்பிடுகிறேன்.

வேகம்: அடியிலுள்ள சிறகுகள் நீரிலிருந்து தூக்கிவிட, நீர்மட்டத்துக்கு மேல் எழும் ஏசி75, மணிக்கு 50 கடல் மைலைத் தாண்டும், பழைய படகு ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் செல்லும்.

போட்டி நுட்பம்: எதிராளிக்கு வரும் காற்றைத் தன் பாயால் மறைத்து, காற்றின் திசைமாற்றத்தை முன்கூட்டியே கணித்து, படிப்படியாக முன்னேறும் நெருக்கமான ஆட்டம் பழைய வகுப்பிலேயே முழுமையாகத் தெரிந்தது, 1983 தொடரின் இறுதிப் பந்தயத்தில் பின்தங்கியிருந்த ஆஸ்திரேலியா 2 என்ற படகு, அவ்வாறுதான் மீண்டு, தொடரை 4–3 என வென்றது. ஏசி75 சிறகிலிருந்து நீரில் விழுந்தால், பெரும்பாலும் ஆட்டமே முடிந்துவிடுகிறது.

குழுவினர்: முன்பு 11 பேர் பாய்களை மாற்றுவதைக் கண்ணால் காணலாம், 2024இல் இருந்த 8 பேரில் நால்வர், படகின் குழிக்குள் அமர்ந்து, பாய்களை இயக்கும் விசைக்காக மிதிகட்டையை மிதித்தனர் (இதைப் படகோட்டம் என்பதில் எனக்குச் சற்றுத் தயக்கமுண்டு).

விறுவிறுப்பும் பொறியியல் வியப்பும் வேண்டுவோர் ஏசி75ஐயும், உத்திகளை ரசிப்போர் 12 மீட்டர் பந்தயங்களின் பழைய பதிவுகளையும் பார்க்கலாம்.