ஏலத்தில் பழைய விமான மாடல் கிட்: பெட்டியை விடுங்கள், பைக்குள் பாருங்கள்

ஈபேயில் பழைய பிளாஸ்டிக் விமான கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் பெட்டி) தேடினால் பாதி விளம்பரத்தில் 'மிக அரிது' என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரு கிட் அரிதா இல்லையா என்பதைப் பெட்டியின் வயது சொல்லாது. அதை வார்த்த அச்சு இப்போது எங்கே இருக்கிறது, யாராவது அதை மறுபடி ஓட்டினார்களா என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனக் கிட்டுகளையே எடுத்துக்கொள்வோம். 1976-இல் அந்தப் பெயரில் உற்பத்தி நின்றது. 1:72 அளவு (அசலில் 72-இல் ஒரு பங்கு) அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய், நோவோ என்ற பெயரில் வெளிவந்தது. ஜெர்மன், ஜப்பானிய போர் விமானங்களின் அச்சுகள் மட்டும் அங்கே போகவில்லை. ரெவெல் என்ற மாடல் நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஆகவே ஃப்ராக் பெட்டியில் சூப்பர்மெரின் அட்டாக்கர் ஏலத்துக்கு வந்தால், உள்ளே இருப்பது நோவோ பெட்டியிலும் வந்த அதே அட்டாக்கர்தான். பெட்டி ஓவியத்தைச் சேகரிப்பவர் ஃப்ராக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், அது அவர் ஆசை. ஒட்டிக் கட்டப் போகிறவருக்கு நோவோ போதும். ஆனால் பிற்கால சோவியத் வார்ப்புகளில் பாக விளிம்புகளில் பிளாஸ்டிக் பிதுங்கி நிற்கும், கத்தியும் உப்புத்தாளுமாக ஒரு மாலை போய்விடும். கேட்கும் விலையில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

எந்த அச்சு எந்தப் பெட்டிக்குள் போனது என்ற வம்சாவளியை ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். நிறுவனம் மூடிவிட்டது என்பதால் மட்டும் விலை ஏறியபடியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். முதல் உலகப் போர் விமானங்களை 1:32 அளவில் செய்த நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் 2020-இல் மூடியது. அவர்கள் அறிவித்துவிட்டு வெளியிடாமலே விட்ட ஃபோக்கர் டிஆர்.1 பின்னர் மெங் என்ற நிறுவனத்தின் பெட்டியில் வந்தது, லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் 'பார்டர் மாடல்' என்ற நிறுவனத்தின் பெட்டியில் வந்தது. கடைக்குப் பூட்டு விழுந்தாலும் அச்சுக்கு வேறு வாழ்க்கை உண்டு.

அடுத்தது விலை. விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. தேடல் வடிகட்டியில் 'விற்றவை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏறத்தாழ கடந்த மூன்று மாதங்களில் உண்மையாகவே விற்ற விலைகள் வரும். நான்கைந்து விற்பனை தெரிந்தால் நடு விலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று மட்டும் இரண்டு மடங்குக்குப் போயிருந்தால், அன்றைக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம், விலை ஏறிவிட்டது என்று அல்ல.

ஈபேயில் நீங்கள் போடுவது உச்சவரம்பு. உங்களுக்கு அடுத்த ஆளின் உச்சவரம்புக்கு மேல் ஒரு ஏலப்படி மட்டுமே விலை ஏறும். பிரிட்டிஷ் ஈபேயில் 15 முதல் 60 பவுண்டுக்குள் ஒரு படி 1 பவுண்டு. திரையில் 22 பவுண்டு தெரிகிறது, முன்னால் இருப்பவர் ரகசியமாக 38 போட்டிருக்கிறார், நீங்கள் 41.37 போடுகிறீர்கள் என்றால் 39-க்கு உங்களுக்கு விழும். அவர் 41 போட்டிருந்தால் 41.37-க்கு உங்களுக்கு விழும். நீங்களும் முழு 41-ஐயே போட்டிருந்தால், முதலில் போட்டவர் என்பதால் அவருக்குத்தான் போகும். உதிரி பென்ஸ் சேர்ப்பது இதற்காகத்தான். இரண்டு நாள் முன்பே சிறுகச் சிறுக ஏற்றிக்கொண்டு போனால் விலையை நீங்களே ஊதிப் பெருக்குகிறீர்கள். கடைசி ஏழெட்டு விநாடியில் ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு எழுந்து போங்கள்.

ஜப்பானின் யாஹூ ஏலத்தில் இந்த வித்தை பெரும்பாலும் செல்லாது. அங்கே விற்பவர் தானியங்கி நீட்டிப்பை வைத்திருந்தால், கடைசி ஐந்து நிமிடத்தில் விலையை உயர்த்தும் ஏலம் வந்ததும் நேரம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். வெளிநாட்டிலிருந்து வாங்குவோருக்குப் பையீ, ஸென்மார்க்கெட் போன்ற இடைத்தரகுச் சேவை தேவைப்படும். தரகுக் கட்டணம், ஜப்பானுக்குள் அஞ்சல், பிறகு வெளிநாட்டு அஞ்சல் என்று மூன்று அடுக்காகச் செலவு ஏறும். ஒரே ஒரு சின்ன 1:72 கிட்டுக்காக இதில் இறங்கினால் கையைக் கடிக்கும். நான்கைந்து வாங்கிக் கிடங்கில் சேர்த்து ஒரே பொட்டலமாக அனுப்பச் சொன்னால் கட்டுப்படியாகும். விளம்பரத்தில் 'ஜங்க்' என்று இருந்தால் குறை சொல்லவும் முடியாது, திருப்பவும் முடியாது. பிரிட்டனில் இருப்பவர்கள் வெளிநாட்டு ஈபேயில் வாங்கினால், 135 பவுண்டு வரை 20% வாட் வரியை வாங்கும்போதே எடுத்துவிடுவார்கள். அதைத் தாண்டினால் இறக்குமதியின்போது வரியோடு கூரியர்காரரின் கையாளும் கட்டணமும் சேரும்.

இனி பொருளின் நிலைமை. விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பாகங்கள் ஸ்ப்ரூ சட்டத்தோடு (வார்த்தபோது அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்), கண்ணாடிப் பாகங்கள் தனியாக, டெகால் தாள் (நீரில் நனைத்து மாடலில் ஒட்டும் சின்னங்களும் எண்களும்) நேர் வெளிச்சத்தில். 'எனக்குத் தெரிந்தவரை முழுமை' என்றால் எண்ணிப் பார்க்கவில்லை என்று பொருள். மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றியிருப்பதை மட்டும் நம்பி 'திறக்காதது' என்று நினைக்க வேண்டாம். அந்த உறையை யார் வேண்டுமானாலும் சுற்றலாம். உள்பையின் தொழிற்சாலை ஒட்டு பிரியாமல் இருப்பதுதான் நல்ல சாட்சி. விமான கிட்டில் வினைல் டயர் இருந்தால் அது எதன்மேல் கிடக்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து கசியும் மென்மையாக்கி கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை வருடக்கணக்கில் தின்றுவிடும். இறக்கையில் டயர் வடிவத்திலேயே பள்ளம் விழுந்திருக்கும். சேலை மடித்த தடம் மாதிரி அல்ல இது, தேய்த்தால் போகாது. புட்டி போட்டு நிரப்பத்தான் வேண்டும்.

டெகால் மஞ்சளித்திருந்தால் பயப்படத் தேவையில்லை. காற்றுப்புகாத பையில் போட்டு, படப்பக்கம் வெளியே தெரிய ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெயிலில் ஒன்றிரண்டு வாரம் விட்டால் பெரும்பாலும் வெளுக்கும். வெடிப்புதான் ஆபத்து. தேவையில்லாத ஒரு எண்ணை வெட்டி வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பாருங்கள். சுக்குநூறானால் முழுத்தாளிலும் மைக்ரோஸ்கேல் திரவ டெகால் ஃபிலிம் பூசிக் காயவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு படத்தையும் விளிம்பை ஒட்டியே வெட்டியெடுக்க வேண்டும், ஏனென்றால் பூச்சு தாள் முழுக்க ஒரே ஏடாகிவிடும்.

பார்சல் வந்த அன்றே செய்முறைத் தாளின் பாக எண்களோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எண்ணாமல் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து வால் சக்கரம் இல்லை என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். விவரித்தபடி இல்லை என்ற புகாருக்கு ஈபேயில் பொதுவாக 30 நாள்தான்.

மிகப் பழையதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஃப்ராக் 1936-இல் தொடங்கிய பெங்குவின் வரிசையின் பழைய கிட்டுகள் பாலிஸ்டைரீன் அல்ல, செல்லுலோஸ் அசிடேட் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கும், சில பெட்டிகளைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தால் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. வழக்கமான மாடல் பசை அதில் பிடிக்காது, அசிட்டோன் கலந்த பசை வேண்டும். அதைக் கட்டுவதற்காக வாங்குகிறவர், வாடை பற்றி விற்பவரிடம் கேட்டுவிட்டு ஏலத்துக்குப் போகட்டும்.