மாமாவின் ஏஇ-1, நான் வாங்கிய கே1000

என் பீரோவில் இரண்டு பிலிம் கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று தானாக வந்தது, மற்றொன்று நான் தேடி வாங்கியது. தானாக வந்தது கேனன் ஏஇ-1. 1982-ல் துபாயிலிருந்து ஊருக்கு வந்தபோது மாமா கொண்டுவந்தது. தேடி வாங்கியது பென்டாக்ஸ் கே1000. இரண்டும் 1976-ல் சந்தைக்கு வந்தவை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி மூன்று வருடம் ஆகிறது. நான் கே1000 கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் இரண்டிலும் துணிதான், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போகும். 50 மி.மீ. லென்ஸைப் போட்டு ஒரே பிலிமில் எடுத்து, பிரிண்டை மேசையில் வைத்தால் எது எதில் எடுத்தது என்று எனக்கே தெரியாது. வசதி என்று பார்த்தால் ஏஇ-1 பக்கம்தான் கை ஓங்கும். நுண்செயலியோடு வந்த முதல் எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கிற கேமரா, அது. ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் வைத்தால் போதும், லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்கிற அப்பர்ச்சரை அதுவே பார்த்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் ஓடி ஓடி எடுப்பதற்கு இது பெரிய உதவி. கே1000-ல் இப்படி எதுவும் கிடையாது. கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரின் வலது ஓரத்தில், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் ஒன்று இருக்கும். அது நடுவில் நிற்கும்வரை நாம்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஏன் கே1000 என்றால், பராமரிப்பு. குறிப்பாக பேட்டரி.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்க, விடிய மூன்று மணிக்கே ஆழ்வார்புரம் பக்கம் போய் நின்றேன். கையில் ஏஇ-1. முந்தின நாள் பேட்டரியைச் சோதித்திருக்க வேண்டும். மேலே இடது பக்கம் உள்ள கறுப்புப் பட்டனை அழுத்தி, வியூஃபைண்டரில் முள் 5.6 குறிக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். பத்து நொடி வேலை. நான் செய்யவில்லை. தங்கக் குதிரை கரைக்கு வந்துவிட்டது, சுற்றி நிற்கிறவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள், கூட்டம் கோவிந்தா போடுகிறது. பட்டனை அழுத்துகிறேன், ஒன்றுமே நடக்கவில்லை. ஏஇ-1-ல் பேட்டரி செத்தால் ஷட்டரும் செத்துவிடும். அரைகுறையாகக்கூட வேலை செய்யாது. அரை கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பையும் பிளாஸ்டிக்கையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் போட வேண்டியது 6 வோல்ட் பேட்டரி, 4எல்ஆர்44 என்று பெயர். கேட்ட இடத்தில் எல்லாம் கிடைக்கிற சரக்கு இல்லை. மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கடிகாரக் கடையில் கேட்டபோது, “தம்பி, அது வராது. சின்னது நாலு வாங்கிக்கங்க, அதே கணக்குத்தான்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது சரிதான். பெயரிலேயே இருக்கிறது, நான்கு எல்ஆர்44 பட்டன் செல்களை அடுக்கினால் அதே 6 வோல்ட். ஆனால் அடுக்கு கொஞ்சம் ஒல்லியாகவும் குட்டையாகவும் இருக்கும். காகிதத்தைச் சுருட்டிக் குழாய் செய்து உள்ளே செல்களைப் போட்டு, மீதி இடைவெளிக்கு அலுமினியத் தாளை மடித்து வைத்தேன். ஓடுகிறது. ஆனால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். பழைய பிளாஸ்டிக், கொக்கி ஒடிந்தால் மூடி நிற்காது. பழைய ஏஇ-1 வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்த மூடியைத்தான் பார்க்க வேண்டும்.

கே1000-க்கும் பேட்டரி உண்டு. ஒரே ஒரு எல்ஆர்44, அதுவும் மீட்டருக்கு மட்டும். அதைக் கழற்றி வீசிவிட்டாலும் ஒரு நொடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எல்லா வேகமும் ஓடும். மீட்டரை அணைக்கத் தனி பட்டன் கிடையாது, லென்ஸுக்கு மூடி போட்டால்தான் அது அடங்கும். மூடி போடாமல் பீரோவில் வைத்தால் செல் தீர்ந்துபோகும். எனக்கு இரண்டு தடவை ஆனது. ஒன்றும் குடி முழுகவில்லை. மதுரை வெயிலுக்கு மீட்டர் ஒரு ஆடம்பரம்தான். 400 வேகப் பிலிம் போட்டால் உச்சி வெயிலில் அப்பர்ச்சர் எஃப்16, ஷட்டர் ஐந்நூறில் ஒரு பங்கு. வேப்பமர நிழலுக்கு வந்தால் அதே வேகத்தில் எஃப்5.6. நாயக்கர் மஹாலில் தூண்களுக்குள் போய்விட்டால் எஃப்4, அறுபதில் ஒரு பங்கு என்று வைத்துப் பார்க்கலாம். கொஞ்சம் அதிகமாக வெளிச்சம் விழுந்தாலும் நெகட்டிவ் தாங்கும், குறைந்தால்தான் மன்னிக்காது.

முள் சுத்தமாக அசையவில்லை என்றால் உடனே மீட்டர் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அடியில் இருக்கிற மூடியைக் காசால் திருகித் திறந்து பாருங்கள். பழைய செல் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். காது குடைகிற பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டு மெதுவாகத் துடைத்து, காயவிட்டு, புது செல் போட்டால் பல நேரம் முள் எழுந்து நிற்கும். என்னுடையது எழுந்தது, ஆனால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், இருட்டாகவே எடுக்கச் சொன்னது. செல்போனில் இருக்கிற மீட்டர் செயலியோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். 400 பிலிமுக்கு கேமராவில் பிலிம் வேகத்தை 200 என்று வைத்துக்கொள்கிறேன், தீர்ந்தது.

பழுது என்று வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. வாங்கிய புதிதில் என் கே1000-ல் ஒரு நொடி வேகம் இரண்டு நொடி இழுத்தது. உள்ளே கிரீஸ் காய்ந்துபோனதுதான் காரணம். வெளியூரில் ஒரு பெரியவரிடம் அனுப்பினேன், சுத்தம் செய்து எண்ணெய் போட்டு அனுப்பினார். பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் தெரிந்த கை இருந்தால் போதும். ஏஇ-1-ல் அழுத்தும்போது ஆஸ்துமாக்காரர் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பல்சக்கரங்களில் எண்ணெய் வற்றினால் வருவது அது. ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகும், அதனால் அதை வைத்து பயமுறுத்த மாட்டேன். ஆனால் உள்ளே இருக்கிற மின்சுற்று செத்தால், இன்னொரு செத்த ஏஇ-1-ஐ வாங்கி அதிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு நோய் உண்டு. படத்தின் ஓரத்தில் செக்கச்செவேலென்று கோடு விழுந்தால், பின்மூடியைச் சுற்றி இருக்கும் நுரைப்பட்டை மக்கிவிட்டது என்று அர்த்தம். நாற்பது வருடத்தில் அது தார் மாதிரி ஆகிவிடுகிறது, விரலில் ஒட்டினால் போகாது. ஈர்க்குச்சியின் நுனியைச் சப்பையாக்கி, ஸ்பிரிட்டில் நனைத்துச் சுரண்டினேன். ஷட்டர் துணி மேல் துகள் விழாமல் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழிகளில் கறுப்பு உல்லன் நூல், கீல் பக்கம் கறுப்பு வெல்வெட். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்ட தையல் கடைகளில் ஒன்றில் துண்டு வெல்வெட் கேட்டபோது, “பொம்மைக்கு ஜாக்கெட்டா தம்பி?” என்றார் அங்கிருந்த அண்ணன். பணம் வாங்கவில்லை.

நிகான் எஃப்எம்2 பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கட்சிக்காரர்கள் விடமாட்டார்கள். 1982-ல் வந்தது. நாலாயிரத்தில் ஒரு பங்கு வேகம், அதுவும் பேட்டரி இல்லாமலே. காகிதத்தில் பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம். நண்பருடையதை ஒரே ஒரு வாரம், பாலமேடு ஜல்லிக்கட்டுக்கு இரவல் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான் என் அனுபவம். உச்சி வெயிலிலும் லென்ஸைப் பெரிதாகத் திறந்து எடுக்க முடிந்தது, அது சுகம். ஆனால் வாடிவாசலிலிருந்து பாய்கிற காளையை நிறுத்த ஆயிரத்தில் ஒரு பங்கே எனக்குப் போதுமாக இருந்தது. மெல்லிய உலோக இதழ் ஷட்டர் என்பதால் பிலிம் போடும்போது விரல் பட்டுவிடுமோ என்ற பயம் வேறு. விலையும் கே1000-ஐ விட நன்றாகவே அதிகம். பணம் இருந்தால் வாங்குங்கள், தடுக்க மாட்டேன்.

ஃப்ளாஷ் விஷயத்தில் மட்டும் கே1000 காலை வாரும். வேகத்தை அறுபதில் வைக்க மறந்து இருநூற்றைம்பதில் அடித்தால் படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளிச்சமாகவும் மீதி கறுப்பாகவும் வரும். ஏஇ-1-ல் அதற்கென்றே வந்த ஃப்ளாஷைச் செருகினால் வேகத்தை அதுவே அறுபதுக்குக் கொண்டுவந்துவிடும். லென்ஸில் பூஞ்சை ஏறுவது இரண்டுக்கும் ஒன்றுதான். மதுரை காய்ந்த ஊர் என்று அலட்சியமாக இருந்து, ஒரு ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு லென்ஸைப் பறிகொடுத்தேன். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தூங்குகின்றன.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏஇ-1-ஐ ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்டால், போன ஆவணியில் அழகர்கோவிலில் அக்கா பையனுக்குக் காதுகுத்து. எல்லோரும் வரிசையாக நின்றாயிற்று. கே1000-ஐச் சுவர் மேல் வைத்துவிட்டுத் திரும்பினால் மாமா கேட்கிறார், “மாப்ள, இதுல டைமர் எங்கடா?” கிடையாது. காருக்கு ஓடிப் போய் ஏஇ-1-ஐ எடுத்து வந்தேன். பேட்டரியை முந்தின நாளே பார்த்திருந்தேன். பத்து நொடி சிவப்பு விளக்கு மினுக்கியது, நானும் படத்தில் இருக்கிறேன்.