சகுரா, மக்னோலியா, கிராப் ஆப்பிள்: ரொறன்ரோ முற்றத்துக்கு எந்தப் பூமரம்?

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வீடு வாங்கி, முற்றத்தில் ஒரு பூமரம் வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது நர்சரிச் சீட்டில் உள்ள குளிர் மண்டல எண்ணை. 5 என்று போட்டிருந்தால், சரி, இங்கே வளரும் என்று வாங்கிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் மரம் சாகாது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. பூக்குமா என்பது வேறு கேள்வி. நல்ல உயரத்துக்கு வளர்ந்தும் பூக்காமல் நிற்கும் மரங்கள் இந்த ஊரில் நிறைய உண்டு.

காரணம் மொட்டில் இருக்கிறது. வசந்தத்தில் முதலில் பூக்கும் மரங்கள் முந்தின கோடையிலேயே பூமொட்டைக் கட்டிவிடுகின்றன. அந்த மொட்டு குளிர்காலம் முழுவதையும் வெட்டவெளியில் கழிக்க வேண்டும். பல இனங்களில் இலைமொட்டைவிடப் பூமொட்டுக்குத்தான் தாங்கும் சக்தி குறைவு. கடுங்குளிர் அடித்த ஆண்டுகளில் ஃபோர்சித்தியாச் செடியைப் பார்த்தால் இது விளங்கும்: பனிக்குவியலுக்குள் மூடிக்கிடந்த கீழ்க்கிளைகள் மட்டும் மஞ்சளாகப் பூத்திருக்கும், மேலே நின்ற கிளைகளில் ஒன்றும் இராது.

ஆனால் ரொறன்ரோவில் ஜனவரிக் குளிரைவிட ஏப்ரல் குளிர்தான் அதிகம் கெடுக்கிறது. மரத்துக்குத் தேவையான குளிர்த்தூக்கம் நடுக்குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். அதன்பின் வரும் ஒவ்வொரு வெதுவெதுப்பான நாளும் மொட்டை இளக வைக்கும். உறக்கத்தில் இருக்கும்போது மைனஸ் 25 டிகிரியைத் தாங்கிய ஆப்பிள் மொட்டு, முழுதாக விரிந்த நிலையில் மைனஸ் 2 டிகிரியிலேயே பத்தில் ஒரு பங்கு கருகும். மைனஸ் 4-க்குப் போனால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். ஆகவே மரங்களை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, எப்போது விரிகிறது என்பதைத்தான்.

சகுரா என்னும் ஜப்பானியச் செரி மரத்தை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். 1959-இல் தோக்கியோ மக்களின் சார்பில் ரொறன்ரோவின் ஹை பார்க் பூங்காவுக்குக் கொடுக்கப்பட்ட மரங்களிலிருந்து தொடங்கிய ஆசை இது. ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் அந்தச் சரிவு முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நிற்கும். ஆனால் 2016-இல் சூடும் குளிரும் மாறிமாறி வந்ததால் பெரும்பாலான மரங்கள் பூக்கவே இல்லை. நகரமே திரண்டு பார்க்கப் போகும் மரங்களின் கதி இது. முற்றத்தில் இருக்கும் ஒற்றை மரத்துக்கு அப்படி ஒரு வசந்தம் வந்தால், அந்த ஆண்டு அவ்வளவுதான். சகுராதான் வேண்டும் என்பவர்கள் ஹை பார்க்கில் உள்ள சோமெய் யோஷினோ வகையைவிடக் குளிர் தாங்கும் சார்ஜென்ட் செரியைப் பார்க்கலாம். பூ ஒற்றை அடுக்குதான், இலையுதிர்காலத்தில் நிறம் மிக அழகு.

மக்னோலியாவில்தான் தேர்வு மிக முக்கியம், ஏனென்றால் அந்த ஒரே பெயரின் கீழ் மிகவும் வேறுபட்ட மரங்கள் விற்கப்படுகின்றன. கிண்ணம் போன்ற பெரிய பூக்களோடு கண்ணைப் பறிக்கும் சூலாஞ்சியானா, 1820-களில் பிரான்சில் சூலாஞ்ச்-போதேன் என்பவர் உருவாக்கிய கலப்பு. இங்கே அது விரியும் நேரமும் உறைபனி திரும்பி வரும் நேரமும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. ஒரே இரவில் இதழ்கள் எல்லாம் பழுப்பாகிவிடும். நட்சத்திர மக்னோலியா அதைவிடவும் முந்திப் பூக்கும். ஆனால் மரமும் மொட்டும் உறுதியானவை, எல்லா மொட்டும் ஒரே நாளில் விரிவதும் இல்லை. ஒரு கூட்டம் கருகினாலும் மிச்சம் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்காகவே பிறந்தவைபோல இருப்பவை ஆன், பெட்டி, ஜேன், சூசன் என்று பெண் பெயர்கள் வைத்த மக்னோலியாக்கள். 1950-களில் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் உருவாக்கிய கலப்புகள் இவை. நட்சத்திர மக்னோலியாவுக்குச் சில வாரங்கள் பிந்திப் பூப்பதால் பெரும்பாலான உறைபனிக்குத் தப்பிவிடும். இன்னும் பிந்தி வேண்டும் என்றால் யெல்லோ பேர்ட் போன்ற மஞ்சள் வகைகள். அவற்றின் ஒரு பெற்றோர் தென் ஒன்ராறியோவில் இயற்கையாகவே வளரும் மரம். நிறத்தில் ஆசைப்பட்டுச் சூலாஞ்சியானாவை எடுக்குமுன் ஜேனை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு மரம்தான் வைக்க இடம் என்றால் என் தேர்வு, சிறு காய் காய்க்கும் ஆப்பிள் இனமான கிராப் ஆப்பிள். மே நடுவில் பூக்கிறது, மொட்டு கடினமானது, கடுங்குளிர் அடிக்கும் பிரெய்ரி மாகாணங்களிலும் நின்று பூக்கிறது. 1920-இல் ஒட்டாவா மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் சேர்ந்த இசபெல்லா பிரெஸ்டன் ரோசிபுளூம் என்ற அடர் சிவப்பு வகைகளை வளர்த்தெடுத்து, அவற்றுக்குக் கனடிய ஏரிகளின் பெயர்களை வைத்தார். குளிர் நாட்டுத் தோட்டத்துக்கு அவர் கொடுத்தது பெரிய கொடை. ஒரு குறை உண்டு: ரோசிபுளூம்களுக்குச் சொறி நோய் எளிதில் பிடிக்கும், ஆகஸ்டுக்குள் இலை கொட்டிவிடலாம். அதனால் இப்போது வாங்குபவர்கள் நோயைத் தாங்கும் பிரெய்ரிஃபயர் போன்றதைக் கேட்டு வாங்குவது நல்லது. சில வகைகள் ஓராண்டு பூவை அள்ளிக் கொட்டி மறு ஆண்டு ஓய்வெடுக்கும், அதையும் நர்சரியில் விசாரியுங்கள்.

ஜப்பானிய மர லைலாக் இந்தப் போட்டிக்குள்ளேயே வராது. அது பூப்பது ஜூனில், உறைபனி எல்லாம் ஓய்ந்த பிறகு. ஐவரி சில்க் என்ற வகை ஒன்ராறியோ நர்சரியிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது, இளம் வயதிலேயே பூக்கிறது. வாசனைதான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வெறும் கிளையில் பூ நிறையும் அந்த வசந்தக் காட்சியும் இதில் கிடைக்காது, இலைகளுக்கு மேலேதான் பூங்கொத்து.

எதை வாங்கினாலும் தெற்குச் சுவரை ஒட்டி நட வேண்டாம். குளிருக்கு இதமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அங்கே வைக்கிறார்கள். மார்ச் வெயிலில் சுவர் சூடேறி, மொட்டை ஒரு வாரம் முந்தி எழுப்பிவிடும். குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளமும் வேண்டாம். ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் திறந்த இடமே போதும். புல்லுக்குப் போடும் நைட்ரஜன் உரம் வேருக்குப் போனால் இலைதான் தழைக்கும்.

அப்புறம் கவாத்து. இலையுதிர்காலத்தில் முற்றத்தைச் சுத்தம் செய்யும்போது மரத்தையும் சேர்த்துச் சீராக வெட்டிவிடும் பழக்கம் இங்கே உண்டு. அந்த நேரத்தில் மக்னோலியாக் கிளை நுனியைத் தொட்டுப் பாருங்கள், பூனை வால்போல மென்முடி போர்த்திய தடித்த மொட்டு இருக்கும். அடுத்த மே மாதப் பூ அதுதான். இந்த வசந்த மரங்களை வெட்டி ஒழுங்கு செய்ய வேண்டுமென்றால் பூ உதிர்ந்த உடனே, ஜூன் முடிவதற்குள் செய்துவிடுங்கள். மர லைலாக்குக்கு மட்டும் ஜூலைப் பாதிவரை தவணை இருக்கிறது.