உப்புக் காற்றில் ஜிடிஎக்ஸ் 1650: வாங்க முன்னும் வாங்கிய பின்னும்

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் கிராபிக்ஸ் கார்ட்டின் சிப் எரிந்து போவது குறைவு. முதலில் விசிறி இறுகும். பிறகு எச்டிஎம்ஐ போர்ட் துருப்பிடிக்கும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் இங்கே கார்ட் தெரிவு செய்பவர் எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை படம்) கணக்கை இரண்டாவதாகப் பார்த்தால் போதும். எவ்வளவு சூடாகும், கார்ட்டை இயக்கும் மென்பொருளான ட்ரைவர் இன்னும் எத்தனை வருடம் வரும் என்பதுதான் முதலாவது.

இந்த இரண்டு கணக்கிலும் பழைய ஜிடிஎக்ஸ் 1650 இன்னும் தாக்குப்பிடிக்கிறது. 2019 ஏப்ரலில் வந்த 4 ஜிபி கார்ட், 75 வாட். மதர்போர்டில் செருகும் ஸ்லொட்டில் இருந்தே முழு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். ஒபிசில் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ் மாதிரியான கொம்பியூட்டரை வாங்கி கேம் விளையாடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அதன் சின்னக் கேசில் 240 அல்லது 255 வாட் பவர் சப்ளைதான் இருக்கும், கார்ட்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் 6 பின் வயர் இருக்காது. அதற்குப் பொருந்துவது இந்த ரகம்தான். கேஸ் சின்னதென்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) மொடலாகவும், அரை உயரத் தகடு கூடவே வருவதாகவும் கேட்டு வாங்க வேண்டும். 1650இலேயே சில மொடல்களில் 6 பின் உண்டு. ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா வயரை 6 பின்னாக மாற்றும் கேபிள் போட்டு அதை ஓட்ட வேண்டாம். சாட்டா பின் தாங்குவது 54 வாட், 6 பின் கேட்கக்கூடியது 75. அந்த வித்தியாசம்தான் பிளாஸ்டிக்கை உருக்குகிறது.

பெட்டியில் மெமரி வகை ஜிடிடிஆர்5 என்று இருக்கிறதா, ஜிடிடிஆர்6 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மெமரி வேகம் முதலாவதில் செக்கனுக்கு 128 ஜிபி, இரண்டாவதில் 192. விலை கிட்டத்தட்ட ஒன்றென்றால் இரண்டாவதுதான், யோசிக்கவே தேவையில்லை.

விளையாட்டு விஷயம் நேரானது. வலரன்ட், டோட்டா 2, ஜிடிஏ 5 எல்லாம் 1080பியில் நன்றாகவே ஓடும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2க்கு செட்டிங்கைக் கொஞ்சம் இறக்க வேண்டும். ரே ட்ரேசிங் (ஒளிக்கதிரைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) கட்டாயம் என்று வரும் புதிய கேம்கள் தொடங்கவே தொடங்காது, அதற்கு வைத்தியம் இல்லை. 4 ஜிபி நிரம்பினால் எஃப்பிஎஸ் எண் நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் திக்கும். கார்ட்டில் இடமில்லாமல் டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை) கொம்பியூட்டரின் ரேமில் இருந்து இழுப்பதால் வரும் திக்கல் அது. டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்குங்கள், மற்ற செட்டிங்கைத் தொட வேண்டியதில்லை.

மாற்றுக் கார்ட்கள்? 1050 டிஐ இனி வேண்டாம். அந்தத் தலைமுறைக்கு வழமையான கேம் ட்ரைவர் 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டது, 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே வரும். ஆர்எக்ஸ் 580 வேகமானதுதான், ஆனால் 185 வாட்டை வெக்கையாகக் கக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை அறைக்குள் அதை வைத்து மத்தியானத்தில் விளையாட முடியாது. கிரிப்டோ நாணய மைனிங்கில் அடிபட்டு வந்த கார்ட்களும் அந்த ரகத்தில் அதிகம். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், ஆசையாக இருக்கும். ஆனால் அது ஸ்லொட்டில் 4 லேன் (தரவுப் பாதை) மட்டுமே பாவிக்கும் கார்ட். பிசிஐஇ 3 ஸ்லொட் உள்ள பழைய போர்டில் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும், வீடியோ பதிவு செய்யும் என்கோடரும் அதில் இல்லை. புதிதாகவே வாங்கக் காசு இருந்தால் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050ஐப் பாருங்கள். 70 வாட், தனி வயர் வேண்டாம், சின்னப் படத்தைப் பெரிதாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் உண்டு. அதே பெயரில் 130 வாட் 8 ஜிபி கார்ட்டும் இருக்கிறது, அது வேறு சாமான்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் முதலில் போர்ட்களைப் பார்க்க வேண்டும். 1050 டிஐ என்று விற்கும் கார்ட்டில் நீல விஜிஏ போர்ட் இருந்தால் பெரும்பாலும் போலி, உள்ளே இருக்கும் மென்பொருளான பயோஸை மாற்றிய பழைய கார்ட். உண்மையான 1050 டிஐ சிப்பிலேயே விஜிஏ வெளியீடு கிடையாது. ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பாருங்கள், போலிக் கார்ட் என்றால் பெயருக்கு முன்னால் போலி என்று எழுதியே காட்டும். பிறகு கார்ட்டை முழு வேலை வாங்கிச் சோதிக்கும் ஃபர்மார்க்கை 15 நிமிடம் ஓட விட்டு, எல்லாப் போர்ட்டிலும் மொனிட்டரை மாற்றி மாற்றிக் கொழுவிப் பாருங்கள். வீட்டில் பழைய விஜிஏ மொனிட்டர் என்றால் எச்டிஎம்ஐயில் இருந்து மாற்றும் அடப்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டி வரும்.

இனி உப்பும் மணலும். மணல் வளவில் கொம்பியூட்டரைத் தரையில் வைத்தால் கால் கொண்டுவரும் தூசியை எல்லாம் விசிறி இழுக்கும். மேசைக்கு ஏற்றுங்கள், மார்கழி வெள்ளத்துக்கும் அதுதான் நல்லது. 3 மாதத்துக்கு ஒருமுறை புளோவரால் ஊதும்போது விசிறி இலையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் தேயும். டயர்க் கடைக் கம்ப்ரெசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், அங்கே கொண்டு போகக் கூடாது.

விசிறி கிர்ரென்று கத்தத் தொடங்கினால் கழற்றி, நடுவைப் பிடித்து நேராக இழுத்தால் பல மொடல்களில் இலை தனியே வந்துவிடும். தண்டில் பிசின்போல் கறுப்பாக ஒட்டியிருப்பதைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கிளிக் என்று அமர்த்துங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பசையாகி முன்னையதைவிட மோசமாக இறுகும். தண்டு ஆடுகிறது என்றால் எண்ணெய் சில கிழமைதான் தாங்கும். விசிறியின் பின்பக்க இலக்கம், திருகாணித் துளைகளின் இடைவெளி, வயரின் பின் எண்ணிக்கை மூன்றையும் குறித்துக்கொண்டு புதியதை ஓடர் பண்ணுங்கள்.

மழைக்காலத்தில் மொனிட்டரில் படம் வரவில்லை என்றால் கார்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, கார்ட்டை எடுத்து, தங்க நிறப் பின்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துப் போடுங்கள். பல தடவை அதுவே போதும். நாள்கணக்கில் ஈரமான காலத்தில் விளையாடாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் கொம்பியூட்டரைப் போட்டு வைப்பது நல்லது.

கேசைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கிறதா? மல்டி பிளக்கில் எர்த் வரவில்லை. அந்த நிலையில் ரீவியின் எச்டிஎம்ஐ வயரை ஓடிக்கொண்டிருக்கும்போது கொழுவினால் கார்ட்டின் போர்ட் போய்விடக்கூடும். எர்த்தைச் சரிசெய்யும் வரை இரண்டு பக்கமும் பிளக்கைக் கழற்றிவிட்டே கொழுவுங்கள். இடி முழங்கும் நேரம் கரண்ட் பிளக்கோடு ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள்.

கொழும்பு பம்பலப்பிட்டிக் கடைகளில் இருந்து கூரியரில் எடுப்பவர்கள் பில்லின் அடியில் உள்ள சின்ன எழுத்தை வாசிக்க வேண்டும். கருகிய அடையாளத்துக்கும் துருவுக்கும் வாரண்டி இல்லை என்று பல பில்களில் இருக்கும். நமக்குத் துருதான் முதலில் வரும். கார்ட் வந்த அன்றே தகடு, போர்ட், திருகாணி, சீரியல் இலக்கம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் பிடித்து வையுங்கள். பாவிக்காத போர்ட்களுக்கு அதோடு வந்த ரப்பர் மூடியைக் குப்பையில் போடாமல் திரும்பச் செருகி விடுங்கள்.